தம்பி உழுத மண்

கால் மாவுக்கட்டைப் பிரித்த அன்றே அவள் ஊன்றுகோலும் கையுமாக வீட்டுக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டத்துக்குப் போனாள். போகாமலே இருந்திருக்கலாம். மண்மேல் ஒரு சருகு இல்லை. சலித்து வைத்த மாவு மாதிரி பொலபொலவென்று கிடந்தது. நடுவில் தம்பி பல்லெல்லாம் தெரிய நின்றான்.

“எப்படிக்கா இருக்கு? பவர் டில்லர் கொண்டாந்து ரெண்டு ஓட்டு ஓட்டிட்டேன். அந்தக் குப்பையெல்லாம் கூட்டிக் கொளுத்தியாச்சு. நீ வந்து கஷ்டப்படக் கூடாதுன்னுதான்.”

அவள் ஊன்றுகோல் நுனியால் மண்ணைக் குத்திப் பார்த்தாள்.

இந்த வீட்டுக்கு அவள் குடிவந்தபோது இந்தத் தோட்டம் செங்கல் துண்டும் சிமெண்டும் கலந்த கட்டாந்தரை. மண் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டவள், தெருத்தெருவாகச் சருகு பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். குப்பைராணி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். சருகை மேலே பரப்புவாள். குச்சியால் குழி போட்டு நடுவாள். உழ மட்டும் மாட்டாள். சருகு மக்கும், புழு உள்ளே இழுக்கும், பூஞ்சை இழை பின்னும். மண் சின்னச் சின்ன உருண்டையாகச் சேரும். மக்கினதில் மிச்சம் அந்த உருண்டைக்குள் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். காற்றும் நுண்ணுயிரும் எளிதில் எட்டாத இடம் என்பதால், மாசக்கணக்கில் காணாமல் போக வேண்டியது வருஷக்கணக்கில் தங்கும். இதையெல்லாம் தம்பியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கிறான்.

“யாரைக் கேட்டுடா உழுதே?”

“தோட்டம்னா உழணும்தானேக்கா. இதுக்கு யாரைக் கேக்கணும்?”

பின்னாலேயே வந்த அவள் கணவர் சமாதானத்துக்கு இறங்கினார். “விடு, பாசத்துல செஞ்சுட்டான். மண்ணு எங்க போயிடப் போகுது?”

“மண்ணு போகாது. அதுக்குள்ள இருந்ததெல்லாம் காத்தாப் போயிட்டிருக்கு.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கால் வலியில் பேசுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள், மகராசன்கள்.

அதைவிட மோசமானது இனிமேல்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த உருண்டைகளையெல்லாம் டில்லர் உடைத்துவிட்டது. பூட்டின சரக்கறையை உடைத்துத் திறந்துவிட்ட மாதிரி, நுண்ணுயிர்கள் இத்தனை வருஷத்துத் தீனியையும் வாரித் தின்னும். தின்று கழித்தது செடிக்கு உரமாகும், மிச்சம் அதுகளின் மூச்சோடு காற்றில் போகும். இந்த முறை விளைச்சல் கொட்டும். உழுததால்தான் விளைந்தது என்பார்கள், சரக்கறை காலியானது யார் கண்ணுக்கும் தெரியாது.

கொட்டியது. தக்காளி கிளையை முறித்துக்கொண்டு காய்த்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, தம்பிக்கு என்ன கைராசி என்றார்கள். “இதுக்கா அந்தக் குதி குதிச்சே?” என்று கணவர் சிரித்தார். அவள் ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தாள். பாழாய்ப் போனது, ருசியாகவும் இருந்தது. அவளுக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. செடியெல்லாம் கருகியிருந்தால் அன்றைக்கே அவனை மன்னித்திருப்பாள்.

பிறகு ஒரு மழை பெய்தது. முன்பெல்லாம் எவ்வளவு பெய்தாலும் உறிஞ்சிக்கொண்ட மண், இப்போது மேலே ஓடு கட்டி, தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

“மழைன்னா தண்ணி நிக்கத்தான் செய்யும்” என்றார் கணவர்.

“அதுக்கும் சேத்து மிஷினுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்க்கா” என்றான் தம்பி. “அடுத்த தடவை இன்னும் ஆழமா ஓட்டிடலாம்.”

அவள் படுக்கையில் விழுந்ததிலிருந்து தோட்டத்துக் கதவின் சாவி தம்பியிடம்தான் இருந்தது. அவள் கையை நீட்டினாள். “தோட்டத்துச் சாவியைக் குடு.”

“இவ்வளவு நல்லா விளைஞ்சிருக்கு. அதுக்காகவா சாவியைக் கேக்கறே?”

“ஆமா. அதுக்காகத்தான். இனிமே நீ இதுக்குள்ள கால் வெக்கக் கூடாது.”

அவன் முகம் செத்துப்போயிற்று. அவள் ஏணியிலிருந்து விழுந்தபோது தோளில் போட்டுக்கொண்டு தெரு முழுக்க ஓடியவன் அவன்தான். அது அவளுக்கு மறந்துபோகவில்லை. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு நடந்தான். தெருமுனையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் தோட்டத்துக் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.