எட்டிலிருந்து ஒன்பதுக்கு

அனுசியாவுக்கு ரெண்டரை வயதில் வந்த காய்ச்சல் நாலு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் இடது கால் அதன்பிறகு வளரவில்லை. வலது காலில் பாதம் மட்டும் தொங்கினாற்போல் இழுபட்டது. அவள் அப்பா பால்பாண்டி தளவாய்புரத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோப்புக் கிணற்றில்தான் இடுப்பில் ரெண்டு காலி கேனைக் கட்டி மகளை இறக்கிவிட்டார். தண்ணீருக்குள் யாரும் நடக்கச் சொல்லவில்லை என்பதே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பத்து வயதில் கேன் இல்லாமல் நீந்தினாள்.

வளர்ந்தபிறகு ஊரிலேயே ஒரு நைட்டி கம்பெனியில் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினுக்குப் போனாள். பவர்லூம் மெக்கானிக் வினோத்தைக் கல்யாணம் செய்தாள். மாற்றுத்திறனாளிகளுக்கு நீச்சல் போட்டி இருப்பதே இருபத்து மூணாவது வயதில்தான் தெரிந்தது. அடையாள அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியூலா சொன்னாள். ராஜபாளையத்துக்காரி, மெடிக்கல் ஷாப்பில் வேலை. பிறந்ததிலிருந்து இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

"கிணத்துல நீந்துவியா? அப்ப குளத்துல ஈஸிட்டி. நாளைக்கே வா."

குளம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. விடியுமுன் வினோத் அவளை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்புவான். எட்டரைக்குள் திரும்பினால்தான் ரெண்டு பேரும் வேலைக்குப் போக முடியும். இப்படியே ஆறு வருஷம் போயிற்று.

இந்தப் போட்டிகளில் எல்லாரையும் ஒன்றாக விட மாட்டார்கள். டாக்டர்கள் உடம்பைச் சோதித்து வகுப்பு பிரிப்பார்கள். எண் கூடக்கூடக் குறைபாடு கம்மி என்று கணக்கு. அனுசியாவுக்கு எட்டாம் வகுப்பு. பியூலாவுக்கு ஒன்பது. அதனால் ரெண்டு பேரும் ஒருத்தியோடு ஒருத்தி மோதியதே இல்லை. நூறு மீட்டரில் அனுசியா தேசியப் போட்டியில் ரெண்டு தடவை வெள்ளி வாங்கினாள். பியூலா ஒவ்வொரு வருஷமும் மூணாவது வந்தாள். இன்னொரு பதக்கம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப்போடலாம் என்று அனுசியா நினைத்திருந்தாள்.

பெங்களூரில் நடந்த அடுத்த தேசியப் போட்டிக்கு முந்தின வாரம் ஒரு கடிதம் வந்தது. அவளுடைய வகுப்பை மறுபடியும் சோதிக்கப் போகிறார்கள்.

ரயிலில் பியூலா அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"வலது பாதம் உனக்கு இப்ப நல்லா வேலை செய்யுதுல்லா. அங்க போய் அதைக் காட்டாத. அழுத்தச் சொன்னா லேசா அழுத்து. தண்ணியில கொஞ்சம் கம்மியா உதை."

"கண்டுபிடிச்சா?"

"தடை போடுவாக. ஆனா ஒன் காலைப் பத்தி ஒன்னையத் தவிர யாருக்குத் தெரியும்? நான் ரெண்டு பேருக்கும்தான் சொல்லுதேன். நீ ஒன்பதுக்கு வந்தா எனக்கும் மூணாவது எடம் போயிரும்."

மறைக்காமல் சொன்னாளே என்று அனுசியாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. சரி என்றுதான் சொன்னாள். ராத்திரி பெர்த்தில் படுத்தபடி, பாதத்தைத் தளர்த்தி வைப்பது எப்படி என்று பழகிப்பார்க்கவும் செய்தாள்.

மறுநாள் ஒரு நீளமான அறையில் கட்டிலில் படுக்கவைத்தார்கள். பெண் டாக்டர் ஒருத்தர் கையை அவள் வலது பாதத்தின் அடியில் வைத்து, "தள்ளும்மா" என்றார்.

அந்தப் பாதத்துக்காக அவள் தினமும் சாப்பாட்டு இடைவேளையில், எல்லாரும் வெளியே போனபிறகு, மெஷின் கட்டையில் பழைய துணியை முடிச்சுப் போட்டு, பாதத்தை அதில் மாட்டி இழுத்தும் தள்ளியும் பழகியிருக்கிறாள். முதல் வருஷம் அசையவே இல்லை. ரெண்டாம் வருஷம் விரல் மடங்கியது. கம்பெனியில் யாருக்கும் அது தெரியாது. வினோத்திடம்கூட அவள் சொன்னதில்லை. இப்போது ஒருத்தர் கைவைத்துக் கேட்கிறார்.

தள்ளினாள். டாக்டரின் கை பின்னால் போயிற்று.

"இன்னொரு தடவை."

இன்னும் பலமாகத் தள்ளினாள். டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். "பலம் முன்னாடி அஞ்சுக்கு ரெண்டு. இப்ப நாலு. எப்படிம்மா இது?" என்று சிரித்தார். அனுசியாவும் சிரித்துவிட்டாள். அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தண்ணீர்ச் சோதனையிலும் எப்போதும்போல் நீந்தினாள். சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். ஒன்பது என்று போட்டிருந்தது.

மறுநாள் நூறு மீட்டரில் பியூலா மூணாவது, அனுசியா நாலாவது. முக்கால் விநாடிதான் வித்தியாசம். கரையேறியதும் பியூலா ஓவென்று அழுதாள்.

"ஜெயிச்சவ எதுக்குட்டி அழுத?"

"கடைசி இருபது மீட்டர்ல ஒன் சத்தம் காதுகிட்டயே கேட்டுச்சு. அடுத்த வருசம் நீதான் மூணாவது. நான் அம்புட்டு சொல்லியும் கேக்கலைல்லா?"

திரும்பி வரும்போது ரெண்டு பேரும் வேறு வேறு பெட்டியில் வந்தார்கள்.

ஒரு மாசம் அவள் குளத்துக்குப் போகவில்லை. கம்பெனியில் பதக்கம் எங்கே என்று கேட்டவர்களிடம், "இந்தத் தடவை இல்லக்கா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒருநாள் படுக்கப்போகும்போது வினோத் கேட்டான்.

"நாளைக்கு அலாரம் வைக்கவா?"

"எதுக்குங்க? பேசாம எட்டுலயே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்தான். கால் சரியாகாம இருந்திருக்கணும். அதுக்கா இம்புட்டு வருசம் துணியைக் கட்டி இழுத்த?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஒங்க கம்பெனி மெஷினுக்கு ஒருநா பெல்ட் மாட்ட வந்தேன்ல. சோறு திங்காம இழுத்துக்கிட்டு இருந்த."

அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவன் அலாரம் வைத்தான்.

மறுநாள் தண்ணீரில் இறங்கியபோது பியூலா சொன்ன கடைசி இருபது மீட்டர்தான் நினைவுக்கு வந்தது. எல்லாரும் தளர்கிற இடத்தில் தனக்கு வேகம் கூடுகிறது. கிணற்றில் சுற்றிச்சுற்றி நீந்திய உடம்பு. நிறுத்தாமல் நானூறு மீட்டர் நீந்திப்பார்த்தாள். முடிந்தது. அடுத்த நாளும் நீந்தினாள்.

மறு வருஷம் குவாலியரில் நானூறுக்கு மட்டும் பெயர் கொடுத்தாள். மூணாவது வந்தாள். பியூலா நூறில் வழக்கம்போல் மூணாவது.

பரிசு கொடுத்து முடிந்தபிறகு பியூலா தேடிக்கொண்டு வந்தாள். ஒரு வருஷமாகக் குளத்தில் ஆளுக்கொரு ஓரமாகத்தான் நீந்தியிருந்தார்கள்.

"நூறை எனக்காகவா விட்ட?"

"இல்லட்டி. நூறு முடியும்போதுதான் எனக்கு உடம்பே சூடாகுது."

அது பாதி உண்மை. பியூலாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவள், "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டாள். ரெண்டு பேரும் ஒரே தட்டில் சப்பாத்தி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வேலைக்கு எழுதிப்போட்ட மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அனுசியா ஓவர்லாக் மெஷினில்தான் இருக்கிறாள். இந்த வருஷம் நானூறில் ரெண்டாவது. பியூலா தானும் நானூறு பழகுகிறேன் என்று போன வாரம் ஆரம்பித்து, இருநூறிலேயே மூச்சு முட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிட்டி போற?"

"முத நூறை மெதுவாப் போ. ஒன்னைய யாரு வெரட்டுதா?"

பியூலா வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி கிளம்பினாள். அனுசியா பக்கத்திலேயே, அவள் வேகத்துக்கு நீந்திப்போனாள்.