எழுந்தாராம்

கண்ணாடிக்காரர் பதினெட்டு வருஷமாக ஞாயிறு பள்ளியில் அதே கதையைச் சொல்லி வருகிறார். கல்லறை, கல், மூன்றாம் நாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு அன்று நாக்கு பிசகியது. "மூணாம் நாள் அவர் உயிரோட எழுந்தாராம்" என்றார்.

பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை. ராஜா கதை, நரிக் கதை எல்லாம் 'ஆம்' போட்டுத்தானே வருகிறது, இதுவும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தார்கள். பின்வரிசையில் படம் ஒட்டிக்கொண்டிருந்த அவருடைய தங்கைதான் நிமிர்ந்து பார்த்தாள். வாரநாட்களில் இதே பிள்ளைகளுக்கு அவள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர். பிழை என்றால் மூக்கில் வேர்த்துவிடும்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அது என்னண்ணா, எழுந்தாராம்? பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்ற ஆளாச்சே நீ!"

"வாய் தவறிடுச்சு."

"உனக்கா? போன வாரமும் 'தண்ணி மேல நடந்தாராம்'னியே."

அவர் குனிந்து செருப்பு மாட்டுவதில் மும்முரமானார். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்குச் செருப்பு எவ்வளவு உதவி!

"போயிடுச்சு," என்றார் கடைசியில். "எப்பன்னு தெரியல. தேடிப் பாத்தேன், இல்ல."

தலையில் இடி விழுந்து நம்பிக்கை போயிருந்தால் நாலு பேரிடம் சொல்லக் காரணமாவது இருந்திருக்கும். அவருக்கு ஒரு இடியும் விழவில்லை. தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருநாள் லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும்போது, ஒருவர் ரத்தம் சிந்தினால் இன்னொருவர் பாவம் எப்படிக் கழுவப்படும் என்று தோன்றியது. பதில் வரவில்லை. லென்ஸை ஃபிரேமில் வைத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் கன்னிப் பிறப்பு, நரகம், கேட்கப்படும் ஜெபம் என்று எல்லாம் தானாகவே கழன்றன. வருத்தப்பட முயன்றும் பார்த்தார். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கிள்ளுவது தெரிந்தது, வலிக்கவில்லை.

தங்கை திட்டவில்லை, அழவுமில்லை. "போதகர்கிட்ட வாயத் திறக்காதே. வகுப்புக்கு வேற ஆளில்ல," என்றாள்.

அந்த மழைக்காலம் முடியுமுன் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். அறுத்தும் பிரயோஜனமில்லை என்றார்கள். எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில். காலை பத்து மணிக்குப் போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போவார். கண்ணாடிக்காரர் கண்ணை மூடி 'ஆமென்' சொல்வார். அதிலும் பாதி 'ஆம்' இருக்கிறதே என்று ஒரு அற்ப ஆறுதல்.

ஒருநாள் போதகர் கிளம்பியதும், "அண்ணா, அந்தக் கதையச் சொல்லு," என்றாள்.

அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். எழுந்தார் என்று ஒரு சொல். சாகக் கிடக்கிறவளிடம் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும்? ஆனால் கேட்கிறவள் அவளாயிற்றே.

"மூணாம் நாள்..." என்று ஆரம்பித்து நின்றார். "என்னால முடியலம்மா."

"ஆம் போட்டே சொல்லேன். எடுக்கறத நான் பாத்துக்கறேன்."

சொன்னார். கல் புரண்டு கிடந்ததாம். துணி தனியாகச் சுருட்டி இருந்ததாம். எழுந்தாராம். அவள் உதடு பின்னாலேயே அசைந்து வந்தது: கிடந்தது, இருந்தது, எழுந்தார். முடிந்ததும், பக்கத்து ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி, "நான் பரலோகத்துல நல்லாத்தான் இருப்பேன். நீ சும்மா கவலைப்படாதே," என்றாள்.

அதன்பின் ஒன்பது நாள் இருந்தாள். அடக்கத்தின்போது அவர் கண் கலங்கவில்லை. "விசுவாசம்னா இது. எப்படித் திடமா நிக்கறாரு பாருங்க," என்று சபையார் மெச்சினார்கள். அவருக்குச் சிரிப்புகூட வரவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனார். வேறு ஆளில்லை. உட்காருவதற்குள் முன்வரிசைச் சிறுமி கேட்டாள்:

"டீச்சர் எங்க?"

"பரலோகத்துல நல்லா இருக்காங்களாம்."

டீச்சர் வளர்த்த வகுப்பு, சும்மா விடுமா?

"இருக்காங்களாமா? யாரு சொன்னாங்க?"

இத்தனை நாளும் அவருடைய 'ஆம்'களுக்குப் பின்னால் அவர் நேரில் பார்த்துக் கேட்ட ஆள் ஒருவரும் இருந்ததில்லை. இதற்கு ஒருத்தி இருந்தாள்.

"அவங்களேதான் சொன்னாங்க," என்றார்.

அதற்குமேல் கதையைத் தொடங்க முடியவில்லை. ஊசி போட்ட கன்னத்தில் மரப்பு விட்ட மாதிரி, இப்போது வலித்தது.