பின்னாலிருந்து ஓர் இருமல்

ஸ்ட்ரெச்சர் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது.

"தலைப்பக்கத்தைத் தூக்குங்க தம்பி. இன்னும் கொஞ்சம். இப்ப கால்பக்கத்தைச் சாய்ங்க. சுவத்துல இடிக்காதீங்க, பெயிண்ட் புதுசு" என்று மேற்படியில் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தார் பெட்டிக்காரர். பெயிண்ட் அடித்து வெகு காலமாகிறது. கடைத்தெருவில் பயணப்பெட்டி விற்கிறவர் அவர். எந்தச் சாமான் எந்தப் படியில் எப்படித் திரும்பும் என்று அளக்காமலே சொல்வார்.

"யாருங்க அது?" உள்ளறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு மூச்சு.

"ஒண்ணுமில்ல. எதிர்வீட்டுக்கு சோபா வருது."

உள்ளே இருமல் கேட்டது.

அந்த இருமலுக்கு ஒரு வரலாறு உண்டு. கடையில் முன்பக்கம் அவருடையது, பேச்சும் விற்பனையும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் தையல் மெஷின் போட்டுக்கொண்டு, அறுந்த கைப்பிடியையும் பல்போன ஜிப்பையும் சரிசெய்தவள் அவள். வாடிக்கையாளர்கள் அவளை ஜிப்பக்கா என்றார்கள். யாராவது ஒரு பெட்டியைத் தடவிப் பார்த்து "அசல் தோலா?" என்று கேட்டால், "சந்தேகம்னா மாட்டையே கூப்பிட்டுக் கேளுங்க" என்பார் இவர். தடுப்புக்குப் பின்னாலிருந்து சின்னதாக ஓர் இருமல் வரும். "கப்பல்ல வந்த சரக்கு" என்றால் ஓர் இருமல். "உங்களுக்குன்னா அடக்க விலை" என்றால் இரண்டு. வாடிக்கையாளர் முன்னால் அவள் கணவனை ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. கடை மூடிய பிறகு மட்டும், "ஆண்டவர் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு" என்பாள்.

"அவருக்கு எதுக்கு இவளே பெட்டி? அவரு எங்கயும் போறதில்லையே" என்பார்.

போன வருடம் இருமல் கூடிப்போயிற்று. தன் பொய்தான் கூடிவிட்டது என்று நினைத்தார் பெட்டிக்காரர். கொஞ்ச நாள் உண்மை பேசிப் பார்த்தார். "இந்தச் சக்கரம் ரொம்ப நாள் தாங்காது" என்று ஒருவரிடம் சொல்ல, ஆடிப்போன அந்த ஆள் ஒன்று வாங்க வந்த இடத்தில் இரண்டாக வாங்கிப் போனார். அதற்கும் பின்னாலிருந்து இருமல். "இப்ப நான் என்னடி பொய் சொன்னேன்?" என்று தடுப்பைத் தள்ளிக்கொண்டு போனவர், தையல் மெஷின்மேல் தலை சாய்ந்து கிடந்தவளைப் பார்த்தார்.

அதன்பிறகு ஆஸ்பத்திரிகள். நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது என்றார்கள். கடைசியாகப் போனபோது டாக்டர் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: இனி மோசமானால் தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் போடலாம், நாள் நீளும், நோய் போகாது. ஜிப்பக்கா தலையாட்டிக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றாள்.

"குழாய் வச்சா வாயத் திறந்து ஜெபம் பண்ண முடியாது. இவரு பொய்க்கு இருமவும் முடியாது. வீட்டுக்குப் போறோம் டாக்டர்."

அன்று சாயங்காலமே கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி இங்கே கொண்டுவரக் கூடாது என்றாள். அவர் சத்தியம் பண்ணப் போனார். "சத்தியமெல்லாம் வேண்டாம். கடைக்கு வெளியில சொல்ற மாதிரி ஒரு ஆமா சொல்லுங்க, போதும்." அவர் ஆமா என்றார்.

சொன்ன ஆமாவை அவர் இன்று காலை வரைக்கும் காப்பாற்றினார். விடிந்ததிலிருந்து அவளுக்கு மூச்சு வேறு மாதிரி இழுக்க ஆரம்பித்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடியபடி இருந்தது, இழுப்பு குறையவில்லை. உதவிக்கு வந்து தங்கியிருந்த மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, திருடன் மாதிரி பால்கனிக்குப் போய் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டார்.

இப்போது ஸ்ட்ரெச்சர் ஹாலுக்குள் வந்து நின்றது. குளித்த தலையில் துண்டைச் சுற்றியபடி ஓடிவந்த மகள் பார்த்தாள். "நீங்களாப்பா கூப்பிட்டீங்க? அப்பாடா. நானே சொல்லணும்னு இருந்தேன், நீங்க கத்துவீங்களோன்னு பயந்தேன்." அவ்வளவுதான், ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அம்மாவின் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"சீக்கிரம் சார். வண்டி ரோட்டுக்குக் குறுக்க நிக்குது" என்றார் டிரைவர்.

பெட்டிக்காரர் அறைக்குள் போனார். இரண்டு தலையணையில் சாய்ந்திருந்த மனைவி, திறந்த கதவு வழியாக ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோபாவுக்குச் சக்கரமெல்லாம் வச்சிருக்கான்" என்றாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கோவமா?"

"உங்க மேல கோவப்பட்டா மூச்சுதான் வீணு."

"இந்த ஒரு தடவை மட்டும் போயிட்டு வந்துடுவோம் இவளே. ரெண்டே நாள்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"குழாய் வேண்டாம்னு நானே சொல்லிடறேன். வெறும் மாஸ்க்தான்."

அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, ஒரு நாள். சாயங்காலமே கூட்டிட்டு வந்துடறேன். என்ன சொல்ற?"

எதிராளி வாயைத் திறக்காவிட்டால் விற்கிறவன் தானாக இறங்கிக்கொண்டே வருவான். கடைத்தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தே இறங்கிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். விரல்களுக்கு எலும்பு தட்டியது.

அவளிடம் நடக்காது என்று தெரிந்ததும் மேலிடத்துக்குப் போனார். கண்ணை மூடிக் கைகூப்பி, "ஆண்டவரே, இவளை எழுப்பி உக்கார வைங்க. இனிமே ஞாயித்துக்கிழமை கடை திறக்க மாட்டேன். வாயில பொய் வராது. மூக்குப்பொடியக் கையால தொட மாட்டேன்..."

இருமல்.

"இது நோய் இருமலா, அந்த இருமலா?"

"அவருகிட்டயுமாங்க?"

"நெசமாத்தான் சொல்றேன்!"

"மூக்குப்பொடிய விட்டுடுவீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார். "குறைச்சுக்குவேன்."

ஹாலில் டிரைவர் தொண்டையைச் செருமினார். பெட்டியின் ஜிப்பை மகள் இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பெட்டிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு." அவள் மூச்சுக்குக் காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில படுத்திருந்தேனே, அப்ப. நீங்க குறட்டை விட்டுத் தூங்குவீங்க. நான் அவருகூடச் சண்டை போடுவேன். ஏன் எனக்கு, என்ன பண்ணிட்டேன்னு. வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்."

"ஆண்டவரையா? நீயா?"

"நானேதான்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா எந்திரிச்சுப் போகல. கூடவே இருந்தாரு." அவள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "அது தெரிஞ்ச அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

பெட்டிக்காரர் யோசித்தார். திட்டு வாங்கிக்கொண்டு கிளம்பாமல் நிற்கிறவரை அவர் தொழிலில் பார்த்ததில்லை. அவள் கையைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல்நுனிகள் இன்னும் அப்படியேதான் இருந்தன.

"ஒண்ணு சொல்லுங்க. ஜிப் மாட்டிக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"இழுப்பேன்."

"இழுத்தா?"

"பல்லு போயிடும். உன்கிட்டக் கொண்டு வருவேன், நீ திட்டுவ."

"அதான். இழுக்காதீங்க."

மகள் வாசலில் வந்து நின்றாள். "அம்மா, எல்லாம் எடுத்து வச்சாச்சு. கிளம்பலாமா?"

"அப்பாவைக் கேளு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கையை மட்டும் அவர் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டாள், அவர் எழுந்திருக்க வசதியாக.

பெட்டிக்காரருக்குக் கடைத்தெருவில் ஒரு பெயர் இருந்தது. விலை படியாமல் இறங்கிப்போகிற ஆளைத் திரும்பக் கூப்பிடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆள் எழுந்ததும் கூப்பிட்டால் கடைக்காரன் இளப்பமாகிவிடுவான். தெருவில் கலந்தபிறகு கூப்பிட்டால் கேட்காது. வாசற்படியில் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று நிற்கும் அந்த நொடியில், "அட, சும்மா வாங்க, உங்ககிட்ட என்ன!" என்பார். திரும்பாத ஆள் இல்லை.

எழுந்து ஹாலுக்குப் போனார்.

"தம்பி, வண்டி வேண்டாம். நான் தப்பாக் கூப்பிட்டுட்டேன்."

"என்ன சார், விளையாட்டா? இத்தனை படி தூக்கிட்டு வந்திருக்கோம்."

"ஆமாப்பா. தப்பு என்மேலதான். உங்களுக்கு என்ன தரணும், சொல்லுங்க."

டிரைவர் ஒரு தொகை சொன்னார். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார், குறைத்துக் கேட்பார்கள் என்று. பெட்டிக்காரர் சட்டைப்பையில் கைவிட்டு அப்படியே எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் மகளுக்கு விஷயம் புரிந்தது. சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

ஸ்ட்ரெச்சர் இறங்கிப் போயிற்று. இந்தத் தடவை திருப்பத்தில் மாட்டவில்லை.

"அம்மாவைச் சாக விடறீங்களாப்பா?"

"வழியனுப்பறேன்மா." அவர் அவள் தலையில் ஈரத்துண்டை ஒழுங்காகச் சுற்றிவிட்டார். "நான் வேற என்ன தொழில் பண்ணினேன் இத்தனை வருஷம்? தலையத் துவட்டு. சளி பிடிக்கும்."

இரண்டு பேருமாக அறைக்குள் போனார்கள். மகள் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டு ஒன்றை, வார்த்தை மறந்த இடங்களில் முனகலாக, பாடினாள். ஜன்னல் வழியே தெருச் சத்தம் வந்தது. ஆம்புலன்ஸ் பின்வாங்கித் திரும்பும் சத்தமும் அதில் கரைந்தது.

பெட்டிக்காரர் மறுபடி கைகூப்பினார். "ஆண்டவரே..." என்று ஆரம்பித்தார். அடுத்து எடுத்து வைக்கக் கையில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார்.

ஜெபம் அவ்வளவுதான். மகள் பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமென்" என்றாள் ஜிப்பக்கா.

அதன்பிறகு அவள் அதிகம் பேசவில்லை. ஒருமுறை தண்ணீர் கேட்டாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார்கள். ஒருமுறை, "பாஸ்டர்கிட்டச் சுருக்கமாப் பேசச் சொல்லுங்க, ஜனங்களுக்குப் பசிக்கும்" என்றாள். மகள் அழுதபடியே சிரித்தாள். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டிக் கட்டில் விளிம்புக்கு வந்தபோது, கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள்.

"தனியா இருந்துக்குவீங்களா?"

"எனக்கென்ன? ராஜாவாட்டம் இருப்பேன். சோறு வடிக்கத் தெரியும். கடை இருக்கு. நீ என்னைப் பத்தி யோசிக்காத."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

இருமல் வரவில்லை. இருமுவதற்கு மூச்சில்லையா, நம்பிவிட்டாளா, இந்த ஒன்றை மட்டும் போகட்டும் என்று விட்டுவிட்டாளா, அவர் கேட்கவில்லை. அவள் முகத்தில், தைத்து முடித்த பெட்டியின் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்து, இடறாமல் ஓடியதும் வருமே, அந்தத் திருப்தி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது. அடுத்த மூச்சுக்காக இரண்டு பேரும் குனிந்தபடியே இருந்தார்கள்.

மகள்தான் முதலில் நிமிர்ந்தாள். ஆக்சிஜன் மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்காரர் எழுந்து அதை நிறுத்தினார். கடைசி ஷட்டரும் இறங்கிய பிறகு கடைத்தெருவில் வரும் அமைதி வீட்டுக்குள் வந்தது. கடையில் அவருக்கு அது பிடித்த நேரம், அவள் தடுப்பைத் தாண்டி வந்து பேசும் நேரம்.

துண்டை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தார். நெற்றி, காதோரம், கழுத்து மடிப்பு. போனில் சபை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்த மகள், போனைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, பெட்டிக்குச் சொல்லியாச்சான்னு கேக்கறாங்க."

"பெட்டிக்காரன் வீட்டுக்கே பெட்டியா?" என்றார். "நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் சக்கரம் வச்சது. அவங்களையே அனுப்பச் சொல்லு. நல்லதாப் பாத்து அனுப்பட்டும்."

ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டு பால்கனிக்குப் போனார். காலையில் மகள் துவைத்துப் போட்டிருந்த துணிகள் கொடி நிறையத் தொங்கின. மனைவியின் பூப்போட்ட நைட்டி வெயில் பட்ட பக்கம் மொரமொரவென்று காய்ந்திருந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தார். இடுப்புத் தையலில் இன்னும் ஈரம். உதறித் திருப்பிப் போட்டார். காற்றில் போய்விடாதபடி இரண்டு பக்கமும் கிளிப் மாட்டிவிட்டு, துண்டுக்கு ஓரத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார்.