கட்டாத விளக்குக்கு ஒரு காவலர்

சங்குமேடு ஜில்லாவில் துரைத்தனத்து உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளம் நிசப்தமாகக் கொடுக்கப்பட்டது. கலெக்டருக்கு நாளொன்றுக்குப் பத்து நாழிகை. சிரஸ்தாருக்கு மூன்று. குமாஸ்தாக்களுக்கு ஒன்று. டவாலிச் சேவகர்களுக்குக் கால் நாழிகை. அவரவர் வீட்டில், அவரவர் கேட்டு வாங்கிய வேளையில், அந்த அளவுக்கு வெளிச்சத்தம் எதுவும் இருக்காது. முருங்கை மரத்துக் காக்கை வாயைத் திறக்கும், ஒன்றும் வராது. பக்கத்து வீட்டில் உலக்கை விழும், நெல் குத்துப்படும், அதோடு சரி. வீட்டுக்குள் இருப்பவர்கள் பேசினால் மட்டும் கேட்கும்.

கலெக்டரால் பத்து நாழிகையைச் செலவழிக்க முடிவதில்லை. மிச்சத்தைச் சீமைக்கு அனுப்பிவிடுவார். அது போகிற கப்பலில் மாலுமிகள் கை ஜாடையில் வேலை செய்வார்கள்.

நான் ரங்கூன் மரக் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தெட்டாவது வயதில் ஊர் திரும்பியிருந்தேன். அப்போது பதவிகளையும் சம்பளங்களையும் புதிதாக நிர்ணயிக்கப் பட்டணத்திலிருந்து ஒரு கமிஷன் வந்தது. இரண்டு பாஷையும் படித்தவன் என்று என்னை மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளனுக்குச் சம்பளம் கிடையாது. பேசுவதே வேலையாக உள்ளவனுக்கு நிசப்தம் கொடுப்பது பொருந்தாது என்று கமிஷன் தலைவர் பெல்லாமி துரை இங்கிலீஷில் சொன்னார். அதைத் தமிழாக்கி எனக்கு நானே தெரிவித்துக்கொண்டேன்.

கலெக்டர் கச்சேரி வராந்தாவில் கமிஷன் கூடியது. துரைக்கு நாற்காலி. எனக்கு ஒரு பெஞ்சு. முதலில் வந்தவர் சிரஸ்தார் சேஷாத்ரி ஐயங்கார்.

"மாப்பிள்ளை வந்து இறங்கியிருக்கார். போகிற உத்தேசம் தெரியலை. ஒரு நாழிகை கூடப் போட்டா க்ஷேமமா இருப்பேன்னு துரையண்டை சொல்லும், ஓய்."

மாப்பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று துரை கேட்டார்.

"ஊஞ்சல்லேயே இருக்கார்."

உள்ளே இருப்பவர் பேச்சு சம்பளத்துக்குக் கட்டுப்படாது என்று துரை எழுதிக்கொண்டார். ஐயங்கார் பெருமூச்சு விட்டுவிட்டு, கமிஷனுக்கு உதவியாக ஓரத்தில் நின்றுகொண்டார்.

அடுத்து டவாலி ராயப்பன் வந்தான். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். குடியிருப்பது கன்னார் தெருவில். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை செம்புத் தவலை தட்டுகிற தெரு அது. சித்திரையில் காய்ச்சல் கண்டதிலிருந்து அவன் மனைவி லூர்தம்மாளின் குரல் மெலிந்துபோய், ஊசியில் கோர்க்கிற நூல் அளவுக்குத்தான் மிச்சமிருந்தது. அவனுடைய கால் நாழிகையில்தான் அது காதில் விழும்.

"ஐப்பசி மழை வரைக்கும்தான் இந்தக் குரலும் நிக்கும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க அய்யா. அவ ஒண்ணு சொல்லிக்கிட்டு வாறா. அது முடியணும். இன்னொரு கால் நாழிகை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

"என்ன சொல்லிக்கொண்டு வருகிறாள்?" என்று கேட்டேன். துரை கேட்கச் சொல்லவில்லை.

"எங்க கல்யாணத்தன்னைக்கு ஏன் அழுதான்னு. இத்தன வருசமாக் கேட்டுப் பாத்துட்டேன், இப்பத்தான் வாயத் தொறந்திருக்கா. தெனமும் ஆரம்பிச்சு ரெண்டு வார்த்த சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சி தவலைச் சத்தம் வந்துருது. இன்னும் பந்தக்காலே நடல. மாப்பிள்ளை வீட்டுக்காரன் எங்கப்பனே இன்னும் வண்டியில ஏறல அய்யா."

ஜில்லாவுக்கு ஒதுக்கிய நிசப்தம் இவ்வளவுதான், ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும் என்று துரை விளக்கினார். கலெக்டருடையதில் கை வைக்கக் கமிஷனுக்கு அதிகாரம் இல்லை.

"டவாலிக்கு அரை கொடுத்தா குமாஸ்தா ஒண்ணரை கேப்பான். அப்புறம் ஊரே ஊமையாயிடும்" என்றார் ஐயங்கார்.

ராயப்பன் போகவில்லை. தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டு தூணருகே நின்றான். அந்த வராந்தாவில் நிற்பது அவன் வேலையாகவும் இருந்ததால் யாரும் அவனைப் போகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவதாக வந்தவர் உத்தியோகஸ்தர் இல்லை. வலைகாரர்களின் தலைவர் கஸ்பார். உப்புப் பூத்த கையைக் கூப்பினார்.

"வடக்கு மணல்மேட்டுல தெனமும் பொழுது சாய்ஞ்சா அலைச்சத்தம் நிக்கி, தொரை. அலை வருது, ஒடையுது, சத்தம் மட்டும் இல்ல. மூடாப்பு நேரத்துல கரை எங்கேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வள்ளம் மணல்ல ஏறிப்போச்சி. அங்கன எவன் சம்பளம் வாங்குதான்னு கேட்டுச் சொல்லுங்க."

துரை ஐயங்காரைப் பார்த்தார். ஐயங்கார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார்.

அந்த மேட்டில் கலங்கரை விளக்கம் கட்டுவதாக ஒரு காலத்தில் யோசனை இருந்தது. விளக்குக் காவலர் பதவிக்கு முதலில் உத்தரவு வந்தது, ஐந்து நாழிகைச் சம்பளத்தோடு. விளக்குக்கு உத்தரவு வரவில்லை. அதற்கு வைத்திருந்த கல்லில் கலெக்டர் பங்களாவுக்கு இன்னொரு வராந்தா எடுத்துவிட்டார்கள். பதவியை ரத்துசெய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் காவலருடைய சம்பளம் ஆளில்லாத மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆளில்லாமலா? இந்த ஐயரு தெனமும் செருப்பக் கழட்டிவச்சிட்டு அங்கனதான உக்காந்திருக்காரு!" என்றார் கஸ்பார்.

"காத்து வாங்கப் போறது குத்தமா, காணும்? என் ஆத்து ஊஞ்சலை நீர் வந்து பார்த்திருக்கீரோ?" என்றார் ஐயங்கார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஓய் ரங்கூன்காரரே, இதையெல்லாம் இங்கிலீஷ் பண்ண வேண்டாம்" என்றார். நான் அதையும் சேர்த்து இங்கிலீஷில் சொன்னேன். வேலை அது.

தூணருகே நின்ற ராயப்பன் மறுபடி தலைப்பாகையைக் கழற்றி, ஆளில்லாத அந்தப் பதவியைத் தனக்குக் கேட்டான்.

"விளக்கே இல்லை, இவனைக் காவலராப் போட்டு என்ன பண்றது?" என்றார் ஐயங்கார்.

அந்த ஆட்சேபணை நியாயம் என்று துரைக்குப் பட்டது. தகுதியைச் சோதித்துத்தான் கொடுக்க வேண்டும். கட்டாத விளக்கை நீ எப்படிக் காப்பாய் என்று ராயப்பனைக் கேட்கச் சொன்னார்.

ராயப்பன் தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டான்.

"யாரும் அதக் கட்டிராமப் பாத்துக்கிடுவேன், எசமான்."

துரை தலையை ஆட்டி, நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார். ஒரு பதவிக்கு ஆள் போடலாமே தவிர, மனுக் கொடுத்தவருக்காக அதை எடுத்துவிட முடியாது என்பதால், வலைகாரர்களின் குறை நிலுவையில் வைக்கப்பட்டது. கஸ்பார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல நாயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராயப்பனும் லூர்தம்மாளும் மேட்டில் ஓலைக்குடிசை போட்டார்கள். கலங்கரை விளக்கம் எவ்வளவு அகலமாக இருந்திருக்குமோ அந்த வட்டத்துக்குள்ளேயே போட வேண்டும் என்பது விதி. பொழுது சாய்ந்து அலைகள் சத்தம் இழந்ததும் அவள் சொல்லத் தொடங்குவாள். அலைச்சத்தமும் காற்றுச்சத்தமும் இல்லாத கடல்மீது அந்த நூல் குரல் அறுபடாமல் நீண்டு, வள்ளங்கள் கிடக்கிற தூரம்வரை போயிற்று. குரல் வருகிற பக்கம் கரை என்று வைத்து வலைகாரர்கள் திரும்பினார்கள். நிலுவையில் இருந்த குறை தானாகவே தீர்ந்தது.

அதற்குப் பிறகும் கஸ்பார் தினமும் காலையில் கச்சேரிக்கு வந்தார்.

"பந்தக்கால் நட்டாச்சி, தொரை."

இன்னொரு நாள், "ராயப்பன் அப்பன் வண்டி ஏறிட்டாரு. குடிச்சிருக்காரு."

துரை அதை எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை அடுத்தவரைக் கூப்பிடவும் இல்லை. ஐயங்கார் ஒரு வள்ளத்தில் மாத வாடகைக்கு இடம் பிடித்தார்.

ஐப்பசி பிறந்து வானம் கருத்த அன்று கமிஷன் மொத்தமும் கஸ்பாரின் வள்ளத்தில் போயிற்று. லூர்தம்மாளின் கதை மாதா கோயிலுக்குள் வந்திருந்தது. சாமியார் முன்னால் இருவரும் நிற்கிறார்கள். வாசலில் பேண்டு வாத்தியக்காரர்கள் நிற்கிறார்கள்.

"இவளக் கட்டிக்கிடச் சம்மதமான்னு சாமியார் ஒங்களக் கேட்டாரு" என்றது குரல். "அந்த நேரம் பாத்து வாத்தியக்காரன் ஊதிட்டான். ஒங்க வாய் அசைஞ்சுது. சம்மதம்னீங்களா இல்லன்னீங்களான்னு எனக்குக் கேக்கல. திரும்பக் கேக்க வெக்கமா இருந்துது. அதான் அழுதேன்."

வள்ளங்களில் யாரும் துடுப்பை அசைக்கவில்லை.

"ஏளா," என்றான் ராயப்பன். அவன் குரலும் தெளிவாக வந்தது. "சம்மதம்னுதான் சொன்னேன்." "சம்மதம்" என்று மறுபடி சொன்னான்.

"இப்பக் கேக்குது" என்றாள் அவள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. சம்பளத்துக்குள் பெய்த மழை என்பதால் அதற்குச் சத்தம் இல்லை. நனைந்துகொண்டே கரைக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலை ராயப்பன் வந்து கடைசி ஆளாக நின்றான். லூர்தம்மாளின் உதடு அசைகிறது, ஒன்றும் வரவில்லை. வழி காட்டுவது நின்றுவிட்டதால் பதவியை விட்டுவிடத்தான் வேண்டுமா என்று கேட்க வந்திருந்தான். "இன்னும் எவ்வளவோ சொல்றா அய்யா. கை ஆட்டி ஆட்டிச் சொல்றா" என்றான்.

அவனுக்குப் பின்னால் கடல் நின்றிருந்தது. மூன்று படி ஏறி, வரிசையைக் கலைக்காமல் நின்றது.

ராயப்பன் கேட்டதைத் துரை நிலுவையில் வைத்தார். கடலின் முறை வந்ததும் அது சொன்னதை நான் கேட்டு, துரைக்குச் சொன்னேன். விளக்குக் காவலர் பதவி வந்த நாளிலிருந்து, ராயப்பன் காலம்வரை, தான் வாய் மூடி இருந்ததாகக் கடல் சொல்கிறது. அதற்கு ஈடு எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாளின் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. உதடு அசைவது இப்போது அதற்குப் புரிகிறது. இனி அவர் சொல்வதை அவர் குரலிலேயே ராயப்பனுக்கும் வள்ளங்களுக்கும் சொல்ல ஒரு பதவி வேண்டும் என்கிறது.

அது மொழிபெயர்ப்பாளர் பதவி என்றும், சம்பளம் கிடையாது என்றும் துரை சொன்னார்.

கடல் ஒப்புக்கொண்டது. நான் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.