தாமதமாக வந்தவர்

சிலி நாட்டின் தெமுக்கோ நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் மெதடிஸ்டுகளும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்தான். ராணுவம் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகே மூன்று சபைகளும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தன. அந்தக் கூட்டுக்குழு விட்டுப்போன நாற்பது பெட்டிக் காகிதங்கள் மெதடிஸ்ட் கோயிலின் பின்னறையில் இருக்கின்றன. எலியானா ரிஃபோ ஆறு வருடமாக அவற்றை அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் தம்பிக்காக. ஆபேல் எழுபத்து நான்கு அக்டோபரில் பிடிபட்டான். மறுநாளே விட்டுவிட்டோம், அர்ஜென்டினாவுக்கு ஓடிவிட்டான் என்று ராணுவம் வாய் கூசாமல் சாதித்தது. அதற்குப் பின்னும் அவன் இந்த ஊரில் இருந்தான் என்று எழுத்தில் ஏதாவது கொண்டுவந்தால் வழக்கை மூட மாட்டேன் என்றார் நீதிபதி. வெள்ளிக்கிழமை கெடு.

புதன்கிழமை மதியம் அது கிடைத்தது. எழுபத்தைந்து மே மாதக் கூட்டக் குறிப்பேட்டில், வந்தவர்கள் பட்டியலின் கடைசியில்: ஆபேல் ரிஃபோ, ஆஜர்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்துக் கூடத்துக்குப் போனாள். கூட்டங்கள் நடந்த இடம் அதுதான். அங்கே ஓய்வுபெற்ற போதகர் தொன் எலிசேயோ மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எண்பத்து நான்கு வயது; குழுவில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான்.

பக்கத்தைப் பார்த்ததும் அவர் இரக்கத்தோடு சிரித்தார்.

“இது நம்ம ஹெட்விக் கையெழுத்து. மனசத் தேத்திக்கம்மா. அந்தப் பொண்ணு பண்ண கூத்து இது.”

ஹெட்விக் ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்த லூத்தரன் சகோதரி. ஸ்பானியப் பேச்சு பாதிதான் புரியும். குறிப்பெழுத அவளைப் போட்டார்கள். கூட்டம் தொடங்கும்போது, பிடித்துப் போகப்பட்டவர்களின் பெயர்களைப் படிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் தலை குனிந்து, அந்த ஆளுக்காக “ஆஜர்” என்பார்கள். அவளோ அத்தனை பேரும் வந்ததாக எழுதிவிட்டாள். ஒன்பது நாற்காலி போட்ட அறையில் நாற்பது பேர். உன் கூட்டத்துக்கு நாற்காலி பத்தாது என்று கேலி செய்தே திருத்தினார்களாம்.

எலியானா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருடமும் பாழ் என்று நினைத்தாள். பக்கத்தை மறுபடி படித்துவிட்டுக் கேட்டாள்.

“கேலி பண்ணது எப்ப, தொன் எலிசேயோ?”

“ஜனவரில.”

“இது மே மாசம். மத்த காணாமப் போனவங்க பேரெல்லாம் இங்க இல்லையே. வந்த ஒம்பது பேரு, அப்புறம் ஆபேல். அம்மா பயந்துக்கிட்டே இருந்துட்டு ஜூன்லதான் உங்ககிட்ட அவன் பேரக் குடுத்தா. மே மாசத்துல நீங்க எப்படி அதப் படிச்சிருப்பீங்க?”

பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. ‘4.20க்கு வந்தார். கோட்டு நனைந்திருந்தது. கதவோரம் நின்றார். ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்.’

கிழவர் குவளையைக் கீழே வைத்தார்.

“பட்டியல் முடிஞ்சப்புறம் பின்னாலேர்ந்து ஒரு குரல் அந்தப் பேரச் சொல்லுச்சு. புதுசா வர்ற சொந்தக்காரங்க, பிடிச்சுட்டுப் போனவங்க பேர அப்படித்தான் சொல்லுவாங்க. நாங்களும் ஆஜர்னு சொல்லிட்டோம்.”

“திரும்பிப் பாக்கலியா?”

“தல குனிஞ்சிருந்தோம்மா. எழுதணும்னு ஹெட்விக் மட்டுந்தான் நிமிந்திருந்தா.” அவர் கதவோரத்தைப் பார்த்தார். “தன் பேரச் சொல்லிக்கிட்டு உதவி கேட்டு வந்திருக்கான். உயிரோட நிக்கிறவனுக்கு நாங்க செத்தவனுக்குச் சொல்றதச் சொல்லி அனுப்பிட்டோம்.”

அவள் ஒரு வெற்றுக் காகிதத்தை நீட்டினாள். நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டார். நீதிமன்றத்துக்கு அது போதும். போதாதது அவருக்குத்தான், அன்று படித்த, பிடிபட்டவர்களின் பட்டியலைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒருதரம் படி என்று கெஞ்சினார்.

அவள் படித்தாள். அவர் தலை தானாகக் குனிந்தது. பெயருக்குப் பெயர் ஆஜர் சொன்னார். கடைசிப் பெயரும் முடிந்தது. வெளியே நல்ல வெயில்; ஆனால் கதவுப் பக்கமிருந்து ஈரக் கம்பளி வாடை வந்தது. சளி கட்டிய தொண்டையில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

“ஆபேல் ரிஃபோ.”

பழக்கத்தில் கிழவரின் வாய் திறந்தது. எலியானா சட்டென்று அதைப் பொத்தினாள். பிறகு கதவைப் பார்த்துத் திரும்பினாள்.

“உள்ள வாடா,” என்றாள்.