சீல் பிரியாத பாட்டில்

அரங்கநாதன் வந்தபோது சாலம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய வெளிநாட்டு விஸ்கி பாட்டில்களைச் சேர்க்கிறவர்களுக்கு விலை மதித்துச் சொல்வது அவர் தொழில்.

அவள் புருஷன் பச்சமுத்து முன்பு வெள்ளிமலைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் காவல் இருந்தவன். தோட்டத்தை விற்றுவிட்டுப் போன முதலாளி, தன் அப்பா காலத்து விஸ்கி பாட்டில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தார். குடித்துவிடாதே, நல்ல விலை போகும் என்றாராம். மகளின் நர்சிங் படிப்புக்கு ஆகட்டும் என்று சாலம்மாள் அன்றைக்கே அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கருணாபுரத்துக்குக் குடிவந்து, பச்சமுத்து மூட்டை தூக்கப் போன பிறகும் சாவி அவளிடமேதான் இருந்தது.

அரங்கநாதன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடிமேல் ஒட்டிய காகிதம் கிழியவில்லை. லேபிளில் கறை இல்லை. சரக்கு கழுத்துவரை அப்படியே நின்றது. இந்த மாதிரி கிடைப்பது அபூர்வம் என்றார். அவர் சொன்ன விலை, அவள் நினைத்திருந்ததைவிட ஜாஸ்தி.

"உங்க வூட்டுக்காரரு இதத் தொடாம வெச்சிருந்தாரு பாருங்க, அதுக்குத்தாம்மா இந்த வெல."

சாலம்மாள் பெட்டியை மூடினாள்.

"கேட்டாருங்க. நான்தான் குடுக்கல."

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். அவள் மெதுவாகச் சொன்னாள். ஒரு நாள் பச்சமுத்துவுக்கு லோடு அதிகம். உடம்பெல்லாம் வலிக்குது, இதில் ஒரு மூடி மட்டும் ஊற்று என்று கெஞ்சினான். பொண்ணு படிப்பக் குடிக்கப் போறியா என்று கத்தி அனுப்பிவிட்டாள். அவன் தெருமுனையில் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தான். விடிந்தபோது கண் தெரியவில்லை என்று சுவரைத் தடவினான். ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் வந்தான். அந்த விஷச் சாராயத்தால் அதே தெருவில் இன்னும் எத்தனையோ வீடுகளுக்கு வந்ததுபோல.

"ஒரு மூடி ஊத்தியிருந்தா அவுரு வெளிய போயிருக்க மாட்டாரு இல்லீங்களா?"

 அரங்கநாதன் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். வேண்டுமானால் இன்னொரு நாள் வருகிறேன் என்றார்.

"வேணாங்க. எடுத்துக்கினு போயிடுங்க."

சாயங்காலம் மகள் வந்து விலையைக் கேட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு அப்பா படத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

"இன்னா குடிச்சாலும் எனுக்காவ இத மட்டும் தொடலியேம்மா அப்பா."

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, சாலம்மாள் கொல்லைப் பக்கம் போய்ச் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.