மாட்டுக் கொட்டகையில் ஆறாம் வகுப்பு

கண்ணாத்தாளின் மகனைப் பாம்பு கொன்றுவிட்டது என்றுதான் நாணப்படுகையில் எல்லோரும் சொன்னார்கள். அவள் மட்டும் அப்படிச் சொன்னதில்லை. பாம்புக்கும் அவனுக்கும் என்ன பகை?

நாணப்படுகை கொள்ளிடக் கரையோரம் கிடக்கிறது. ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. வயலுக்கு நடுவில் இங்கே நாலு குடிசை, அங்கே ஆறு குடிசை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். ஆறாவது படிக்கத் திருக்காட்டுப்பள்ளிக்கு நடக்க வேண்டும். படுகை நிலத்தில் முக்கால்வாசிக்குச் சொந்தக்காரர் பஞ்சநதம். அந்த ஐந்தாம் வகுப்புப் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அவரே.

கோவிந்தராசு ஐந்தாவது முடித்ததும், டி.சி. வாங்க அவனை அழைத்துக்கொண்டு கண்ணாத்தாள் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றாள். பஞ்சநதம் பல் குச்சியைத் துப்பிவிட்டுத்தான் பேசினார்.

"எல்லாப் பயலும் ஆறாவது போயிட்டா மாட்டை யாருடி ஓட்டுறது? மாடு மேய்க்க எதுக்குடி டி.சி.?"

காரியக்காரர் நாகநாதன் பின்னால் நின்று சிரித்தார். எஜமான் எதைச் சொன்னாலும் சிரிப்பதற்கென்றே அவருக்குத் தனியாக ஒரு சிரிப்பு உண்டு.

பையன் மாடு மேய்த்தான். அந்தத் தை மாதம், பொழுது சாயும் நேரத்தில், களத்துமேட்டு வரப்பில் மாட்டை ஓட்டி வந்தபோது கண்ணாடிவிரியன் கடித்தது. கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மதகைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. எரித்துவிட்டு வந்த மறுநாள் கண்ணாத்தாள் அறுப்புக்குப் போனாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. வயல் ஓரம் குடை பிடித்து நின்ற பஞ்சநதம் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு நாகநாதன் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு மாடெல்லாம் ஒழுங்கா வீடு வந்து சேந்துச்சா?"

அவ்வளவுதான் கேட்டார். கண்ணாத்தாள் குனிந்து அரிவாளைப் போட்டாள். அழவில்லை. அந்த ஒரு கேள்வியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

"விவசாயக் கூலிச் சங்கத்துல சொல்லிப் பாப்போமா?" என்றான் அவள் புருஷன் நல்லக்கண்ணு.

"சங்கம் கூலியக் கேக்கும், மரக்காலக் கேக்கும். எம்புள்ளைய யாரு கேப்பா? அத நான் கேட்டுக்கிறேன்."

"எப்படிக் கேப்ப?"

"தெரியல. ஆனா கேப்பேன்."

பிறகு காலம் மாறியது. கொடிக்கம்பத்தில் கறுப்பு சிவப்பு ஏறியது. மேலத்தெருக்காரர்கள்கூடத் தோளில் கரைத் துண்டு போட ஆரம்பித்தார்கள். நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்துச் சட்டம் வந்தது. டெல்டா முழுக்க மிராசுதார்கள் செத்துப்போன பெரியப்பா பெயரிலும் இன்னும் பிறக்காத பேரன் பெயரிலும் நிலத்தை எழுதினார்கள். பஞ்சநதம் அவர்களைவிடக் கெட்டிக்காரர். கல்வி அறக்கட்டளை நிலத்துக்கு விலக்கு உண்டு என்று வக்கீல் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். அம்மா பெயரில் பிரகதாம்பாள் கல்வி அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கி, படுகை நிலம் அத்தனையையும் அதன் பெயருக்கு மாற்றினார். அறக்கட்டளை என்றால் பள்ளிக்கூடம் வேண்டுமே! களத்துமேட்டு மாட்டுக் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, 'நடுநிலைப்பள்ளி, ஆறு முதல் எட்டு வரை' என்று பலகை மாட்டினார். மாடுகள் பின்னால் புங்கமரத்தடிக்குப் போயின.

கட்டிடம் தயார். தலைமையாசிரியர் நாகநாதன். பிள்ளைகள்தான் இல்லை.

புரட்டாசியில் ஒருநாள் விடியும்போதே நாகநாதன் கண்ணாத்தாளின் குடிசை வாசலில் வந்து நின்றார். நடவாட்களைச் சேர்த்துக் கொண்டுவருவது அவள் வேலை. கூப்பிட்டால் சனம் வரும்.

"கண்ணாத்தா, மாடு மேய்க்கிற பயலுவ, ஆடு ஓட்டுற குட்டிங்க, எல்லாத்தையும் களத்துமேட்டுக்கு ஓட்டியா. தாசில்தார் வர்றாரு. இன்னிக்கு ஒரு பொழுது உக்காந்திருந்தாப் போதும். சட்டை குடுக்கிறோம்."

"சட்டைய வச்சுக்கலாமா?"

"திருப்பிக் குடுத்துடணும்."

கண்ணாத்தாள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். பலகை இருந்தது. கரும்பலகை இருந்தது. அதில் ஆறாம் வகுப்பு என்று எழுதியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு நாளைக்கென்று கூட்டிவந்திருந்த டீச்சர் ஞானாம்பாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஞானாம்பாள் பயிற்சி முடித்து வேலை கிடைக்காமல் இருக்கும் பெண். வெடுக்கென்று பேசுவாள்.

"இது ஆறாவதா டீச்சர்?"

"பலகையில ஆறாவதுதான். நாளைக்கு மறுபடியும் மாட்டுக் கொட்டாயி."

"நாளைக்கும் வந்தா நடத்துவீங்களா?"

ஞானாம்பாள் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "வேலைன்னு ஒண்ணு கெடச்சா ஏன் வராம இருக்கேன்?"

தாசில்தார் வந்தார். பிள்ளைகள் கஞ்சி மொடமொடப்பு மாறாத சட்டையில் விறைத்து உட்கார்ந்திருந்தன. பார்த்தார், தலையாட்டினார். போகும்போது பஞ்சநதத்திடம் சொன்னார்: "நல்ல காரியம். ஆனா சொல்லாம இன்னொரு தடவை வருவேன். பள்ளிக்கூடம் நடந்தாத்தான் விலக்கு."

கண்ணாத்தாள் அதைக் கேட்டுக்கொண்டாள். என்றோ உள்ளே வாங்கி வைத்த கேள்விக்குப் பக்கத்தில் இதையும் வைத்தாள்.

மறுநாள் காலை அதே பிள்ளைகளைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தாள். ஞானாம்பாளும் வந்திருந்தாள். இருட்டோடு திருக்காட்டுப்பள்ளிக்கு நடந்துபோய்க் கூட்டி வந்திருந்தாள் கண்ணாத்தாள். நாகநாதன் வாயைப் பிளந்தார்.

"அதான் நேத்தோட முடிஞ்சு போச்சே! பயலுவள மாட்டுக்கு அனுப்பு."

"பள்ளிக்கூடம் இல்லீங்களா அப்ப? பலகை தொங்குதே. தாசில்தாரையா இன்னும் திருக்காட்டுப்பள்ளி பங்களாவுலதான் இருக்காராம். ஒரு எட்டு போயிக் கேட்டுட்டு வந்துடட்டுமா?"

அன்று நாகநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடினார். பஞ்சநதம் வந்தார், கத்தினார், வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்றார்.

"நிறுத்துங்க ஆண்டே. வேலையில்லாம சும்மாத்தானே இருப்பேன். தாலுக்கா ஆபீசு வாசல்ல போயி உக்காந்துக்கிறேன்."

பஞ்சநதம் கணக்குப் போட்டுப் பார்த்தார். பள்ளிக்கூடம் இல்லை என்று சொன்னால் நிலம் போகும். ஆமாம் என்றால் மாட்டுக்கு ஆள் இல்லாமல் போகும். நிலமே பெரிது என்று ஆமாம் என்றார். ஞானாம்பாளுக்குச் சம்பளம் போட்டார். வளர்ந்த ஆளை மாட்டுக்கு வைக்கலாம்தான். ஆனால் வளர்ந்தவன் கஞ்சிக்கு மேய்க்க மாட்டான், சங்கம் சொன்ன கூலியைக் கேட்பான். அதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. மாடுகள் புங்கமரத்தடியிலேயே வைக்கோலைத் தின்று எலும்பு தெரிய நின்றன.

ஐப்பசி கார்த்திகை மழையிலும் பள்ளிக்கூடம் நடந்தது. நாகநாதன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு தலைமையாசிரியராக உட்கார்ந்திருந்தார். ஒழுகுகிற இடத்தில் பிள்ளைகள் சட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தன. மெல்ல மெல்ல அது உண்மையாகவே பள்ளிக்கூடமாகிவிட்டது.

கண்ணாத்தாளுக்கு அங்கேதான் இடித்தது.

"நீ நல்லதுதானே பண்ணியிருக்க?" என்றான் நல்லக்கண்ணு.

"நல்லது பண்ணவா நான் கெளம்பினேன்? அந்தாளு பொய் சொன்னாரு. நான் அத நிசமாக்கிக் குடுத்துட்டேன். இப்ப நிலமும் அவருக்கே நிக்கும், கல்வி வள்ளல்னு மாலையும் போடுவானுவ."

"அப்ப போயி எல்லாம் பொய்யின்னு தாசில்தார்கிட்டச் சொல்லிடு."

"சொன்னா கொட்டாயி போயிடும். நம்ம தெருவுக்கு ஆறாவது இல்லாமப் போயிடும்."

அன்று அவள் சோறு தின்னவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, பஞ்சநதத்தை விட்டுவிடவும் முடியவில்லை.

தை பிறந்தது. சம்பா பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. தாசில்தார் சொன்னபடியே சொல்லாமல் வந்தார். மதகுப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது. களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் நிமிர்ந்தாள். செய்தி தெரிந்து பஞ்சநதம் சலவை வேட்டியோடு ஓடிவந்து கொட்டகைக்குள் நுழைந்தார். ஞானாம்பாள் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். தாசில்தார் ஒரு பையனை எழுப்பிக் கேள்வி கேட்டார். அவன் பதில் சொன்னான்.

அந்த நேரத்தில் கண்ணாத்தாள் புங்கமரத்தடிக்குப் போனாள். கயிறு ஒவ்வொன்றையும் அவிழ்த்தாள். அவசரப்படவில்லை. கடைசி மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். பசித்த மாடுகள். நேரே பழுத்த சம்பாவுக்குள் இறங்கின.

பஞ்சநதம் சன்னல் வழியே பார்த்தார்.

"டேய், எவன்டா அங்க..." என்று பிள்ளைகள் பக்கம் கை நீட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தாசில்தார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகநாதன் எழுந்தார்.

"நீங்க எங்க போறீங்க ஹெட்மாஸ்டர்?" என்றார் தாசில்தார். "வருகைப் பதிவேடு எங்க?"

நாகநாதன் உட்கார்ந்தார். ஆட்களெல்லாம் கொள்ளிடக் கரைப் பக்கம் அறுப்பில் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை. பஞ்சநதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார். எந்த வரப்பில் கோவிந்தராசு விழுந்தானோ அதே களத்துமேட்டு வரப்பில் ஓடினார். ஒரு மாட்டைத் திருப்பினால் இன்னொன்று உள்ளே போனது. "ஹை, ஹை" என்றார். மாடு அவர் குரலைக் கேட்டதே இல்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழுக்கி விழுந்தார். எழுந்தபோது வேட்டி, தொடை, மீசை எல்லாம் சேறு. கொட்டகைச் சன்னலில் பிள்ளைகளின் தலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. ஒன்று சிரித்தது. பிறகு எல்லாம் சிரித்தன. ஞானாம்பாள் அதட்டவில்லை.

"ஏ கண்ணாத்தா! நின்னு பாக்குறியே, மாட்ட மடக்குடி!"

கண்ணாத்தாள் களத்துமேட்டு ஓரம் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அவர் முன்னால் அவள் அப்படி நின்றதே இல்லை.

"பள்ளிக்கூட நேரம். மாடு ஓட்ட ஆளு கெடையாது."

"பயிரு போகுதுடி!"

"போவட்டும். பாத்து நடங்க பஞ்சநதம், அந்த வரப்புல விரியன் கெடக்கும்."

அவர் அப்படியே நின்றுவிட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுதான் முதலில் காதில் விழுந்தது. அப்புறம்தான் பாம்பு என்பது உறைத்தது. காலடியைப் பார்த்தார். நெல்லுக்கடியில் எதுவும் தெரியவில்லை. ஒரு காலைத் தூக்கினார், எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கியபடியே நின்றார். மாடுகள் தின்றுகொண்டே இருந்தன.

தாசில்தார் பள்ளிக்கூடம் நல்லபடி நடப்பதாக எழுதிக்கொண்டு போனார். நிலம் பஞ்சநதத்துக்கு நின்றது. அது கண்ணாத்தாளுக்குத் தெரியும். ஜீப் போனதும் அவர் வரப்பில் தடவித் தடவிக் கரை ஏறினார். அவள் நகரவில்லை.

"நீதானேடி அவுத்துவிட்ட?"

"ஆமா."

அவள் வயலைப் பார்த்தாள்.

"எல்லா மாடும் ஒழுங்கா வீடு போயிச் சேருதான்னு பாத்து ஓட்டிக்கிட்டுப் போங்க. நாளைக்கும் அவுத்துவிடுவேன்."